வண்டி வேடிக்கையும் வாய் வேடிக்கையும்

சேலத்தில் குகை என்ற பகுதியில், ஆடி மாத மாரியம்மன் திருவிழாவின்போது அலங்கார வண்டிகள் போட்டி போட்டு ஊர்வலம் வரும். அந்த வண்டி வேடிக்கையில் முதல் பரிசு எந்த வண்டிக்கு என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். அது ஏன் அந்த வண்டிக்குப் போனது என்ற பேச்சு மட்டும் அடுத்த ஆடி வரை ஓயாது. நடுவருக்கு அந்தத் தெருவில் யார் சொந்தம், போன வருஷம் வாங்கியவர்களுக்கே இந்த வருஷமும் எப்படி, இரண்டாம் பரிசை மேடையிலேயே வேண்டாம் என்று சொன்னவர்கள் யார் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், சாமி காரியத்தில் இவ்வளவு வம்பா என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த விழா நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், வம்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். காசு யாருடையது, கணக்கு யாரிடம், முடிவு யார் கையில் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத இடத்தில் ஊர்வாய் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அதே மாவட்டத்தில், மலைக்கு மேலே ஏற்காட்டில் நடக்கும் கோடை விழாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும்.

முதலில் கீழே இருக்கும் விழா. ஆடித் திருவிழா என்று ஒருமையில் சொன்னாலும் சேலத்தில் நடப்பது ஒரு திருவிழா அல்ல. திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் கோட்டை மாரியம்மனைப் பெரிய மாரியம்மன் என்பார்கள். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, சின்னக்கடை வீதி, அன்னதானப்பட்டி என்று பேட்டைக்குப் பேட்டை இருக்கும் மாரியம்மன்களுக்கெல்லாம் இவள்தான் மூத்தவள் என்பது ஊர் நம்பிக்கை. ஏறக்குறைய ஒரே சமயத்தில் எல்லாக் கோயில்களிலும் பூச்சாட்டுவார்கள், கம்பம் நடுவார்கள், சக்தி அழைப்பார்கள். பொங்கல், மாவிளக்கு, உருளுதண்டம், சத்தாபரணம், மஞ்சள் நீராட்டு என்று சடங்குகள் வரிசை கட்டி வரும். முக்கியமான புதன்கிழமைக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இந்த விடுமுறை வராது என்பதால் வங்கிகளுக்குக் கிடையாது என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும். வருஷா வருஷம் வங்கிக்காரர்கள் புலம்புவதும் திருவிழாவில் ஒரு நிகழ்ச்சிதான்.

ஒரே ஊரில் ஒரே வாரத்தில் இத்தனை அம்மன்களுக்கு விழா நடந்தால் ஒப்பீடு தானாக வரும். எந்தப் பேட்டையில் விளக்கு அதிகம், எங்கே கூட்டம் அதிகம், எந்தக் கோயிலில் அன்னதானம் மத்தியானத்துக்கு மேல் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் மறுநாள் செய்தி. பேட்டைகளுக்குத் தொழிலும் வேறு வேறு. செவ்வாய்ப்பேட்டை மளிகை மொத்த வியாபாரத்துக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் பேர்போனது. அம்மாபேட்டையும் குகையும் தறிச்சத்தத்தில் வளர்ந்தவை. ஆகவே யார் விழா பெரிது என்ற கேள்விக்குள் எந்தத் தொழில் இப்போது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்ற கணக்கும் ஒளிந்திருக்கிறது. தறி ஓடாத வருஷத்தில் குகையில் வண்டி குறைந்தால், பக்திக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. நூல் விலையைத்தான் சொல்வார்கள்.

வண்டி வேடிக்கை இந்த ஒப்பீட்டுக்கென்றே அமைந்த நிகழ்ச்சி மாதிரி இருக்கும். மாட்டு வண்டிக் காலத்தில் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம் என்று குகையில் சொல்வார்கள். இப்போது டிராக்டர் டிரெய்லரும் லாரியும்தான். ஒவ்வொரு வண்டியின் மேலும் ஒரு புராணக் காட்சி: கயிலாயம், தசாவதாரம், மகிஷாசுர வதம், மீனாட்சி கல்யாணம். பொம்மை வைப்பதில்லை. மனிதர்களே வேடம் கட்டி அசையாமல் உட்கார்ந்திருக்க, வண்டி ஜெனரேட்டர் வெளிச்சத்தில் தெருத்தெருவாக வந்து கோயிலைச் சுற்றும். அம்மன் வேடம் கட்டுபவர்களில் ஆண்களே அதிகம்.

வெளியே பார்க்கும்போது கண்ணைப் பறிக்கிற இந்த வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் தெர்மாகோல் வெட்டி ஒட்டிய கோபுரம். எட்டுக்கை அம்மன் என்றால் ஆறு கை மரத்திலோ ஃபைபரிலோ செய்து, வேடக்காரரின் முதுகில் பெல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சேலைக்குள் ஒரு கம்பி அவரை நிமிர்த்திப் பிடித்திருக்கும். உதட்டுச் சாயம் கலையக் கூடாது என்று யாராவது ஒரு பையன் இடையிடையே ஏறி மோரை உறிஞ்சுகுழல் வைத்துக் கொடுப்பான். காதுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமும், புகை மூக்கில் ஏறும், மணிக்கணக்கில் இமைக்காத பார்வை. இறங்கும்போது நாலு பேர் தூக்கித்தான் இறக்குவார்கள். இப்படி உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய் “ரெண்டாவது பரிசும் நல்ல பரிசுதானே” என்று சொல்லிப் பாருங்கள்.

இந்த விழாவில் போட்டி தனி மனிதர்களுக்குள் அல்ல, தெருக்களுக்குள். வண்டி கட்டுவது ஒரு தெருவோ ஒரு வாலிபர் குழுவோதான். என்ன காட்சி வைக்கப்போகிறோம் என்பது கடைசி வரை ரகசியம். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, யாருடைய பட்டறைக் கொட்டகையிலோ வைத்து வேலை பார்ப்பார்கள். ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு கூட்டமும், தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு கூட்டமும் இருக்கும். தகடு அடிக்கிறவர், விளக்கு செட் வாடகைக்கு விடுகிறவர், ஒப்பனைக்காரர் மூவரும் நாலைந்து வண்டிக்கு ஒரே சமயத்தில் வேலை செய்கிறவர்கள். விஷயம் கசிவது அங்கேதான். இரண்டு வண்டியில் ஒரே காட்சி வந்துவிட்டால், யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்ற சண்டை தொடங்கும். மாரியம்மன் ஊரில் மகிஷாசுர வதம் இரண்டு வண்டியில் வருவது ஒன்றும் பெரிய அதிசயமில்லைதான். அதை அந்த இரவில் அவர்களிடம் யார் சொல்வது?

பரிசு விஷயத்தில் உண்மையான சிக்கல் வேறு. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஊருக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. ஒரு கட்சி அலங்காரச் செலவைப் பார்க்கும். இன்னொரு கட்சி வேடப் பொருத்தத்தையும் அசையாமையையும் பார்க்கும். பழைய ஆட்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம். மூன்றாவது கட்சிக்குக் காட்சியில் புதுமை வேண்டும், நீர் கொட்ட வேண்டும், புகை வர வேண்டும், அரக்கன் தலை விழ வேண்டும். மூன்றையும் ஒரே நடுவர் கூட்டம் ஒரே இரவில், கூட்ட நெரிசலில், ஓடுகிற வண்டியைப் பார்த்து எடைபோட வேண்டும். பார்க்க வந்தவர்களுக்குத் தெரிவது முடிவு மட்டும்தான், காரணம் தெரியாது. காரணம் சொல்லாத முடிவுக்கு ஊரே காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கும். அதில் சொந்தபந்தம் முதலிடம் பெறுவது இயல்பு, ஏனென்றால் குகை மாதிரி நெருக்கமான பகுதியில் யாரை எடுத்தாலும் யாருக்காவது மாமனோ மச்சானோ ஆகத்தான் இருப்பார். சொந்தம் இல்லாத நடுவர் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்துதான் கூட்டிவர வேண்டும். கூட்டிவந்தால், “அவருக்கு நம்ம வேடிக்கையைப் பத்தி என்ன தெரியும்?” என்பார்கள்.

சரி, காசுக்கு வருவோம். வம்பில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கிறது.

திருவிழாவில் இரண்டு பணப்பை உண்டு என்பதை வெளியாட்கள் கவனிப்பதில்லை. ஒன்று கோயில் பணம். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் கோயிலில் உண்டியல் அதிகாரிகள் முன்னிலையில் எண்ணப்படும், செயல் அலுவலர் இருப்பார், தணிக்கை உண்டு. இன்னொன்று தெருப் பணம். பந்தல், சீரியல் விளக்கு, மேளம், அன்னதானம், வண்டி என்று தெரு செய்யும் செலவெல்லாம் தெருவே வசூல் செய்வது. தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, மேற்கொண்டு நன்கொடை. இந்தப் பணத்துக்கு ரசீதுப் புத்தகம் இருக்கும், ஒரு நோட்டு இருக்கும், பொருளாளர் என்று ஒருவர் இருப்பார். தணிக்கையாளர் இருக்க மாட்டார். அந்த இடத்தை நிரப்புவது வம்பு. “ஜெனரேட்டர் வாடகை அவ்வளவு இல்லையே, என் மச்சினன் அதைவிடக் கம்மிக்குக் கொடுத்தானே” என்று ஒரு பேச்சு கிளம்பினால் பொருளாளர் காதுக்கு இரண்டே நாளில் போய்விடும். அவர் பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம் நோட்டு வேறு கைக்கு மாறும். புரளி என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு இது வேலை செய்கிறது. அநியாயமாகவும் வேலை செய்யும், அதுவும் உண்மை. கைக்காசைப் போட்டு விழாவை நடத்தியவர் மேல் திருட்டுப் பேர் விழுந்து, அதற்கப்புறம் கோயில் பக்கமே வராமல் போனவர்கள் ஒவ்வொரு பேட்டையிலும் இருப்பார்கள்.

வசூல் எப்படி நடக்கும் என்பதைக் கேட்டால் இன்னொன்றும் புரியும். ரசீதுப் புத்தகத்தோடு மூன்று பேர் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

“அண்ணா, போன வருஷம் ஆயிரம் போட்டிருந்தீங்க.”

“போட்டேன் தம்பி. நோட்டீசுல என் பேரு எங்க இருந்துச்சு?”

“இருந்துச்சுங்கண்ணா, மூணாவது பக்கத்துல...”

“எதிர் வீட்டுக்காரரு ஐநூறு குடுத்தாரு. அவரு பேரு மொத பக்கத்துல. நான் கேக்கறது தப்பாப்பா?”

“அது பிரஸ்ல மாத்திப் போட்டுட்டாங்கண்ணா.”

திருவிழா நோட்டீசில் பெயர் வரிசை என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு தெருவில் யார் யாருக்கு என்ன மதிப்பு என்பது அச்சில் வருகிற ஒரே ஆவணம் அதுதான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு குடும்பத்து ஆட்கள் மட்டும் வருவார்கள்; இதில் தெருவே வரும். அச்சகத்தின் மேல் பழி போடுவது வழக்கம். அச்சகக்காரரும் கோபப்படுவதில்லை, ஆடியில் அவருக்கு அதுவும் ஒரு தொழில்.

நோட்டீசுக்கு அடுத்த படி முதல் மரியாதை. கோயிலில் பரிவட்டம் யாருக்கு முதலில், தீர்த்தம் யாருக்கு முன்னால், எந்தக் குடும்பம் எந்த நாள் கட்டளைக்கு (அன்றைய பூஜைச் செலவை ஏற்கும் பொறுப்புக்கு) உரியது என்பதெல்லாம் வழக்கத்தில் நிற்பவை. வழக்கம் என்றால் எழுதாதது. எழுதாததை ஆளாளுக்கு ஒரு மாதிரி நினைவு வைத்திருப்பார்கள். இது வெறும் வீம்புச் சண்டை என்று நினைக்கிறவர்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 1959-இல் 63-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு கோயிலில் வழக்கப்படியோ வேறு வகையிலோ ஒருவருக்கு மரியாதையோ ஊதியமோ வேறு வரும்படியோ பெறும் உரிமை உண்டா, அந்தக் கோயிலின் நிலைபெற்ற வழக்கம் எது என்ற தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரத்தை அது துறையின் இணை ஆணையர், துணை ஆணையருக்குக் கொடுக்கிறது. ஒரு பரிவட்டத்துக்காக அலுவலகம் ஏறி இறங்கி, மேல்முறையீடு போய், பிள்ளைகள் காலம் வரை இழுத்த வழக்குகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. சண்டை வரும் என்று தெரிந்தே சட்டம் எழுதியவர்கள் அதற்கு ஒரு பிரிவை ஒதுக்கினார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே இருப்பவர்களின் சண்டை. வரி கொடுக்கிறவருக்குத்தான் கணக்குக் கேட்கும் வாய் உண்டு. வரியே வாங்கிக்கொள்ளப்படாதவருக்கு அந்த வாயும் இல்லை. சேலம் மாவட்டக் கிராமங்களில் திருவிழா என்றதும் எல்லாருக்கும் இனிப்பாக நினைவு வருவதில்லை. 2024 மே மாதம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் விழாவின்போது, பட்டியலின மக்கள் கோயிலுக்குள் போய் வழிபடுவது பற்றிய தகராறு கல்வீச்சாகி, கடைகள் எரிந்து, போலீஸ் குவிக்கப்பட்டுத்தான் அடங்கியது. குகையில் பரிசுக்காக நடக்கும் வாய்ச்சண்டையையும் இதையும் ஒரே கூடையில் போட முடியாது. முதலாவது, ஒருவரை ஒருவர் ஊர்க்காரராக ஏற்றுக்கொண்டவர்களுக்குள் நடப்பது. இரண்டாவது, யார் ஊர் என்பதிலேயே சண்டை. விழாச் சண்டைகளை ரசித்து எழுதுகிறவர்கள் (நானும்தான்) இந்தக் கோட்டை அழித்துவிட்டு எழுதக் கூடாது.

கடந்த சில வருஷங்களாக இன்னொரு மாற்றம். தெருக்களுக்குள் நடந்த தகராறுகள் மெல்ல மெல்ல அனுமதித் தகராறுகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அதே ஜூனில் நமக்குப் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் தேர் சாய்ந்து 2 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் தேரோ சப்பரமோ அலங்கார வண்டியோ, உயரத்தைப் பற்றிக் கேட்காமல் எந்த அதிகாரியும் விடுவதில்லை. விடவும் கூடாது. குகைத் தெருக்களின் அகலமும் அங்கே தாழத் தொங்கும் கம்பிகளும் தெரிந்தவர்களுக்கு இதில் மறுபேச்சு இருக்காது. ஆனால் இதனால் போட்டியின் விதி மாறுகிறது. முன்பு கோபுரத்தை இரண்டடி உயர்த்திப் பக்கத்துத் தெருவை ஜெயிக்கலாம். இப்போது உயரம் எல்லாருக்கும் ஒன்று என்றால் அகலத்திலும் விளக்கிலும் காட்ட வேண்டியிருக்கிறது. “அவங்க வண்டியை மட்டும் எப்படி விட்டாங்க?” என்ற கேள்வி நடுவரிடமிருந்து மின்வாரியத்துக்கும் போலீசுக்கும் இடம் மாறியிருக்கிறது.

நேரமும் அப்படித்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். வண்டி வேடிக்கை சூடு பிடிப்பதே பத்து மணிக்கு மேல்தான். முன்னால் போகும் வண்டிகள் மேளத்தோடு போகும். பின்னால் வரும் வண்டிகளுக்குச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் நேரம் வந்துவிடும். ஆகவே வரிசையில் எத்தனையாவது இடம் என்பது இப்போது பெரிய விஷயம். வரிசை குலுக்கலில் போடுகிறார்களா, கூப்பிட்டுக் கொடுக்கிறார்களா என்று அடுத்த வம்பு.

இப்போது மலையேறுவோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போனால் ஏற்காடு. மே மாதக் கடைசியில் அங்கே கோடை விழாவும் மலர்க்காட்சியும். 45 முறைக்கு மேல் நடந்துவிட்டது. 2020, 2021-இல் கொரோனாவால் நடக்கவில்லை. மாவட்ட நிர்வாகம், தோட்டக்கலைத் துறை, சுற்றுலாத் துறை என்று அரசுத் துறைகள் நடத்துவது. அண்ணா பூங்காவில் லட்சக்கணக்கான பூக்களால் உருவங்கள், ஏரியில் படகுப் போட்டி, நாய்கள் கண்காட்சி, கொழுகொழு குழந்தைகள் போட்டி, கலையரங்கில் கலை நிகழ்ச்சிகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கீழே இருக்கும் வெயிலுக்கு அந்தக் குளிரே போதும் என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

ஏற்காட்டுக்காரர்களிடம் அந்த விழாவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் குகையில் கேட்கிற சூடு இருக்காது. அலுப்பு இருக்கும். விழாத் தேதியைக் கடைசி நேரத்தில் சொல்கிறார்கள். கடை போட இடம் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பூங்காவில் அடுக்கும் வெட்டுப்பூக்கள் வெளியிலிருந்து வண்டியில் வருகின்றன. அறை வாடகை இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஏறுகிறது, திட்டு வாங்குவது ஊர்க்காரர்கள் எல்லாரும். மிளகும் காப்பியும் பலாவும் விற்கிறவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வாகன நிறுத்தம் வந்துவிடுகிறது. இவை எல்லாமே நியாயமான குறைகள், எந்த மலை ஊரிலும் கேட்கக் கூடியவை. குகை வம்போடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே வினைச்சொல்லுக்கு எழுவாய் உண்டு: இன்னார் செய்தார். இங்கே எல்லாம் “கொடுத்துட்டாங்க”, “மாத்திட்டாங்க”, “சொல்லிட்டாங்க”. யார் என்று கேட்டால் கையை மேலே காட்டுவார்கள். கோடை விழாவை நடத்தும் அதிகாரி இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அவரிடம் அடுத்த வருஷம் வரி கொடுக்காமல் பழிதீர்க்க முடியாது, ஏனென்றால் வரியே கிடையாது. சண்டை போட ஆள் இல்லாத விழாவில் புலம்பல் மட்டும்தான் மிஞ்சும்.

போக்குவரத்து இதற்கு நல்ல உதாரணம். விழா நாட்களில் மலைப்பாதை ஒருவழியாகும்: அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். நெரிசலைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி எனக்கும் தோன்றவில்லை. ஆனால் குப்பனூர்ப் பாதையில் கொட்டச்சேட்டுப் பக்கம் இருப்பவர் சேலத்துக்குப் போய்விட்டு வீடு திரும்ப, மலையை முழுசாகச் சுற்றி அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். சுற்றுலாக்காரருக்கு அது ஒருநாள் வேடிக்கை. அவருக்கு அரை நாள் கூலி. இந்த விதி போடும்போது அவரைக் கேட்கும் கூட்டம் எது, எங்கே நடக்கிறது என்பது மலைக்கிராமத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. குகையில் ஊர்வலப் பாதையில் ஒரு தெருவை விட்டுவிட்டால் அன்றைக்கே வண்டியை மறித்திருப்பார்கள்.

அதே மே மாதத்தில் அதே மலையில் வேறொரு விழாவும் நடக்கிறது. ஏற்காட்டுக்கு மேலே, மலையுச்சிச் சமவெளியில் ஒரு பாறைக் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயில். சேர்வராயனும் காவேரியும்தான் சாமிகள். மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளின் மக்கள்) மலைக்கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு திரண்டு வருவார்கள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனதாக அவர்கள் வம்சக்கதை. மலையைச் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடாகப் பிரித்து, ஊருக்கு ஒரு பெரியவர், நாட்டுக்கு ஒரு பெரியவர் என்று வைத்து வாழ்ந்தவர்கள். அந்த விழாவில் தகராறு வந்தால் உட்கார்ந்து பேச ஆள் உண்டு, பேச்சுக்கு ஒரு முறை உண்டு. ஒரே மலை, ஒரே மாதம். ஒன்றில் அவர்கள் விழாக்காரர்கள், மற்றதில் பூங்காவில் டிக்கெட் எடுக்கும் கூட்டத்தில் ஒருவர்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சத்தம் அதிகமாகக் கேட்கும் விழாதான் ஊர் கையில் இருக்கும் விழா என்று எனக்குப் படுகிறது. அரசாங்கம் நடத்தினால் கெட்டது, தெரு நடத்தினால் நல்லது என்று நான் சொல்லவில்லை. மலர்க்காட்சிக்கு வேண்டிய பூந்தொட்டிகளை மாதக்கணக்கில் வளர்க்க ஒரு தெருக் குழுவால் முடியாது. தெருக்குழுவின் பாரபட்சமும் சாதிக் கணக்கும் அரசு விழாவில் அந்த அளவுக்கு நடக்காது. ஆனால் ஏற்காட்டு வியாபாரிகளின் குறைகளில் பாதி, யாரிடம் கேட்பது என்று தெரிந்தாலே தீரக்கூடியவை. தேதியை ஒரு மாதம் முன்னால் சொல்வதற்கும், கடை இடங்களில் உள்ளூர்க்காரர்களுக்கு இத்தனை என்று எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதற்கும் பெரிய செலவு ஆகாது.

குகையிலும் நிலைமை அப்படியே இல்லை. வண்டிச் செலவு ஏறிவிட்டது. லாரி வாடகை, டீசல், ஒப்பனை, நகை செட், விளக்கு என்று போட்டால் வீட்டு வரியை வைத்து ஒரு நல்ல வண்டி கட்ட முடியாது. அதனால் வண்டி முகப்பில் நகைக்கடை, துணிக்கடை பெயர்கள் வருகின்றன. விளம்பரம் கொடுத்த கடைக்காரர் வரிசையில் முன் இடம் கேட்பார், கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். தெருவில் வரி வசூலும் தளரும்: “அதான் கடைக்காரங்க குடுக்கறாங்களே, எங்ககிட்ட எதுக்கு?” என்பார்கள். வரி கொடுக்காதவர் அப்புறம் கணக்குக் கேட்டால் எடுபடாது. ஏற்காட்டில் கேட்ட அந்த “கொடுத்துட்டாங்க” குரல் குகையிலும் அங்கங்கே கேட்க ஆரம்பித்திருப்பது இதனால்தான் என்பது என் ஊகம்.

இன்னொரு பக்கம் செல்போன். எல்லா வண்டியையும் எல்லாரும் படமெடுத்து வைத்திருப்பதால் பரிசுச் சண்டை இப்போது சாட்சியத்தோடு நடக்கிறது. அம்மன் வேடக்காரர் கண் சிமிட்டியதை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள். சில குழுக்கள் வரவு செலவு நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் தொடங்கிவிட்டன. இனிமேல் வம்பு அடங்கும் என்று பொருளாளர்கள் நினைத்தார்கள். முன்பெல்லாம் “சாப்ட்டுட்டாங்க” என்று மொத்தமாக ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். இப்போது ஆணி எத்தனை கிலோ, மோர் எத்தனை லிட்டர், தெர்மாகோல் ஷீட் ஒன்றுக்கு என்ன விலை என்று வரிவரியாகக் கேட்கிறார்கள்.